பெண்டுலம் வந்த வெள்ளிக்கிழமை

செம்பட்டியில் கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் ஏறிய இளவேனிலைப் போன வாரம் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். உட்கார இடம் கிடைத்ததோ என்னவோ என்று சிலருக்கு மனசு கேட்டிருக்காது. கிடைத்தது, ஜன்னலோரம். மடியில் கைப்பை, பைக்குள் ஒரு பழைய துண்டு, துண்டுக்குள் அவள் அப்பாவின் கடிகாரத்துப் பெண்டுலம்.

பெரிய சாமான் ஒன்றுமில்லை. ஒரு பித்தளை வட்டு, அதைத் தாங்குகிற மெல்லிய கம்பி, வட்டுக்கு அடியில் ஒரு குட்டித் திருகு. இதற்காகத்தான் வருஷக்கணக்கில் பேசாத அண்ணன் ஆனந்த்ராஜ் போன் பண்ணியிருந்தான். "தங்கச்சி, எப்படி இருக்க" என்றெல்லாம் கேட்கவில்லை. "பெண்டுலம் உன்கிட்டதான் இருக்காம். வெள்ளிக்கிழமை காலையில கொண்டாந்துரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அது அவளிடம் வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் அப்பா கருப்பணனுக்கு ஒரு குணம். ஒரு ராத்திரி வெளியூரில் தங்குவதென்றாலும் பெண்டுலத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். "நான் இல்லாத வீட்ல அது எதுக்கு ஆடணும்?" என்பார். போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான் போனார். திரும்பி வரவில்லை.

வேறு சாதிப் பையன் பிரபுவைக் கட்டிக்கொண்டாள் என்று மகளை வாசல்படி மிதிக்கவிடாமல் வைத்திருந்த மனுஷன், அவள் ஒளிந்து ஒளிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று தலையணைக்கடியிலிருந்து அதை எடுத்து அவள் கையில் திணித்தார். "வச்சுக்க. உங்கண்ணன் அவனாக் கூப்பிடுவான்." அவ்வளவுதான் பேசினார். அதை அவள் அம்மா மாயம்மாள் ஒருத்திதான் பார்த்தாள்.

இப்போது ஆனந்த்ராஜின் மகள் தமிழ்மதிக்கு நிச்சயம். அந்த வீட்டில் நல்லது எதுவானாலும் அந்தக் கடிகாரம் மணி அடிக்கும்போதுதான் நடக்கும். காதுகுத்தோ கல்யாணப் பேச்சோ, எதுவும் அதற்கு விலக்கில்லை. மாயம்மாளும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். "அவரு கடியாரம் பத்து அடிக்கணும். அடிச்சாத்தான் நான் தட்டுல கை வைப்பேன். இல்லாட்டி என்னைத் தூக்கிட்டுப் போய் அங்கிட்டுப் போட்டுட்டு நீங்களே நடத்திக்கங்க."

பத்தரைக்கு ராகுகாலம். அதனால் பத்து மணிதான், வேறு வழியில்லை.

பஸ் திண்டுக்கல்லை நெருங்கி மலைக்கோட்டை ஜன்னலில் தெரிய ஆரம்பித்தபோது பிரபு கூப்பிட்டான். அவன் விடிவதற்குள்ளேயே பூ மூட்டையோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்துவிட்டிருந்தான்.

"இளா, வீட்டுச் சாவி உன்கிட்டயா இருக்கு?"

பைக்குள் கை விட்டுப் பார்த்தாள். "ஐயய்யோ. ஆமா."

"நல்ல ஆளு போ. நான் முதல்ல வீடு திரும்பணும்ல? எங்க வந்து வாங்கிக்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு வந்துருவேன். அந்த வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்க."

"நான் எதுக்குத் தாயி அங்க வாரேன்?" என்று சிரித்தான் பிரபு.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கேட்டுக்கு அருகே மதினி சத்யபிரியா பட்டுச்சேலையில் நின்றாள். இளவேனிலைப் பார்த்ததும் அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள், கூட வேறு யாராவது வருகிறார்களா என்று.

"தனியாத்தான் வந்தேன் மதினி."

"நல்லதாப் போச்சு. பின்பக்கமா வாங்க. இங்க கோலம் போட்டிருக்கு."

கோலத்தை மிதிக்காமல் வரத் தெரியாதவள் மாதிரி. இளவேனில் சந்து வழியாகச் சுற்றிப் போனாள். அந்தச் சந்துதான் அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் ஓடுகிற வழி. இப்போது இரண்டு பக்கமும் புதிதாகச் சிமெண்டுப் பூச்சு.

ஹாலில் கடிகாரம் புது ஷோகேஸ் மேல் உட்கார்ந்திருந்தது. தேக்கு மரத்தில் சின்னக் கோயில் போலக் கூரை வைத்த கடிகாரம், நாலு பித்தளைக் கால்கள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெண்டுலம் தொங்க வேண்டிய இடத்தில் கம்பியில் ஒரு மாங்காய்ப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னண்ணே?"

"பூட்டு" என்றான் ஆனந்த்ராஜ். ஹார்டுவேர் கடைக்காரன். எதையும் திருகி முடுக்கிச் சரி பண்ணிவிடலாம் என்று நம்புகிறவன்.

"பூட்டுன்னு தெரியுது. கடியாரத்துக்குள்ள எதுக்கு?"

"உன்னை அண்டாமப் பாத்துக்கலாம்னுதான். கேக்குறா பாரு கேள்வி." எரிச்சலோடு பூட்டைக் கழற்றினான். "முதல்ல சின்னப் பூட்டைக் கட்டுனேன். நாலுகால் பாய்ச்சல்ல ஓடுச்சு. கனம் பத்தலன்னு பெருசாக் கட்டுனேன். அப்பவும் அதே ஓட்டம். விட்டிருந்தா இன்னைக்கே ஞாயித்துக்கிழமைக்குப் போயிருக்கும்."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியும் உதட்டோரம் தப்பிவிட்டது.

"கனத்துல என்னண்ணே இருக்கு? பூட்டைக் கட்டுனாலும் பூசணிக்காயைக் கட்டுனாலும் ஒண்ணுதான். கம்பியோட நீளம்தான் கணக்கு. குட்டையா இருந்தா அவசரப்படும், நீண்டா நிதானமா ஆடும். அதுக்குத்தான வட்டுக்கு அடியில திருகு வச்சிருக்கான்? ஏத்துனா வேகம், எறக்குனா மெதுவு. அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்காரு. நீ எங்க இருந்த?"

"கடையில இருந்தேன். இந்த வீட்டு மானத்தைக் காப்பாத்திக்கிட்டு. உன்ன மாதிரி…" மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். "வாயாடாம மாட்டு."

துண்டைப் பிரித்தாள். பெண்டுலத்தைப் பார்த்ததும் அண்ணன் முகம் ஒரு நிமிஷம் மாறியது. இதைச் சுமந்து சுமந்து கிழிந்த அப்பாவின் சட்டைப்பை ஞாபகம் வந்திருக்கும். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசமட்டத்தை எடுத்து ஷோகேஸ் மேல் வைத்தான்.

"பாத்துக்க. ஒரு நூல் அசையாம மட்டம் பாத்து வச்சிருக்கேன். பின்னாடி உன் பெண்டுலம் ஓடலன்னா ஷோகேஸ் மேல பழி போடக்கூடாது."

பெண்டுலத்தை மாட்டினாள். சாவி கொடுத்தாள். முள்ளைப் போன் காட்டிய நேரத்துக்கு நகர்த்தி, வட்டை விரலால் ஒதுக்கி விட்டாள்.

டிக்… டாக் டிக்… டாக் டிக்…

ஓடியது. ஆனால் நொண்டியது. ஒரு பக்கம் நீண்ட மூச்சு, மறுபக்கம் குட்டை மூச்சு. ஹாலில் யாருக்கும் அது கேட்கவில்லை; கேட்டாலும் புரிந்திருக்காது. இளவேனில் கண் கடிகாரத்தின் இடது காலுக்குப் போனது.

ஒருகாலத்தில் ஆனந்த்ராஜ் வீட்டுக்குள் பந்தடித்துக் கடிகாரத்தைக் கீழே தள்ளினான். அதிலிருந்து உள்ளே எதுவோ லேசாகக் கோணிப் போனது. நேராக நின்றால் அதற்கு ஓடத் தெரியாது. செத்த நேரம் நொண்டிவிட்டு நின்றுவிடும். அப்பா இடது காலுக்குக் கீழே பழைய தகட்டுச் சாவி ஒன்றைச் சொருகினார். அந்தக் கால் ஒரு சாவி உயரம் தூக்கி நின்றால்தான் இரண்டு பக்கமும் ஒரே அளவாக மூச்சு விடும்.

"இதுக்கடியில ஒரு சாவி இருந்துச்சே மதினி?"

"பெயிண்ட் அடிக்கையில குப்பையோட போச்சு. துருப்பிடிச்ச சாவி, எந்தப் பூட்டோடதுன்னும் தெரியல. ஏன், அதுவும் உங்களுக்குத்தான் எழுதி வச்சிருந்தாராக்கும்?"

"இல்ல, அது இல்லாட்டி…"

"ஓடுதுல்ல? பெறகென்ன?"

அந்தச் சமயத்தில்தான் வத்தலக்குண்டு ஆனந்தி உள்ளேயிருந்து வந்தாள். சித்தப்பா மகள். கையில் வெள்ளித்தட்டு, தட்டில் பந்து போல மல்லிகை. இளவேனிலைக் கண்டதும் சட்டென்று தட்டைச் சேலைக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்ததால்தான் இளவேனிலுக்கு விளங்கியது.

அந்த வீட்டு வழக்கத்தில் நிச்சயத்தன்று பெண்ணின் தலையில் முதல் பூ வைப்பது அத்தை. அதற்கப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். அண்ணன் கூப்பிட்டபோது அவள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று, பஸ்ஸில் வழி நெடுக நெஞ்சுக்குள் வைத்துத் தடவிக்கொண்டு வந்த ஒன்று, அதுதான்.

"அத்தை முறைக்கு ஆனந்தியா?"

"ஆமா" என்றாள் சத்யபிரியா.

"கூடப்பிறந்த நான் இங்க நிக்கிறேன்."

"நீங்க இங்க எங்க நிக்கிறீங்க? நீங்க பெங்களூர்ல இருக்கீங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "சம்பந்தி வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கு. வீட்டுக்காரருக்குப் பெரிய கம்பெனியில வேலை, லீவு கிடைக்கலன்னு. பூ மார்க்கெட்ல மூட்டை தூக்குறாருன்னா சொல்லச் சொல்றீங்க?"

"மூட்டை தூக்கல மதினி. யாவாரம் பண்றாரு. உங்க மக தலையில ஏறப்போற மல்லிகைகூட அவரு வித்ததா இருக்கும்."

"அப்ப இதை வேற மாத்தணுமா?" என்றாள் சத்யபிரியா பூவைப் பார்த்து.

இளவேனில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ரசமட்டத்துக்குள் இருந்த நீர்க்குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறைக்கதவு திறந்தது. அலங்காரத்தோடு தமிழ்மதி. பாவாடை கட்டிக்கொண்டு இவள் இடுப்பில் தொற்றிக்கொண்டு திரிந்த பிள்ளை, இப்போது அப்பன் உயரம்.

"மதி…"

"அத்தை, ப்ளீஸ்." கிட்டே வரவில்லை. "எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்குறவங்க. இன்னைக்கு மட்டும் வேண்டாம் அத்தை. மாட்டிட்டீங்கள்ல? கிளம்பிருங்களேன்."

மதினி பேசியதெல்லாம் தோலோடு நின்றது. இது உள்ளே போனது.

கடிகாரம் நொண்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு சாவியை எடுத்து இடது காலுக்குக் கீழே வைத்தால் போதும். இளவேனில் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். சொல்லவில்லை.

கிளம்பவும் இல்லை. அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓரம் போய் உட்கார்ந்தாள். பைக்குள் போன் சத்தமில்லாமல் மினுங்கி மினுங்கி அடங்கியதை அவள் பார்க்கவில்லை. காதெல்லாம் ஹாலில் இருந்தது.

கார் சத்தம். மாப்பிள்ளை வீட்டு ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாங்க வாங்க, உட்காருங்க, வெயில் இப்பவே இம்புட்டு அடிக்குது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணம்மாள் கணீரென்று பேசுகிறவர். "கடிகாரம் ரொம்ப நல்லாருக்குதுங்க. ஓடுதுங்களா?" "ஓடாம? எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரு நிமிஷம் முன்ன பின்ன போனதில்ல." அண்ணன் குரலில் பெருமை.

டிக்…… டாக் டிக்…… டாக்.

ஒரு பக்கத்து மூச்சு நீண்டுகொண்டே போனது. அப்புறம் மறுபக்கம் திரும்பவே இல்லை.

பேச்சுக்குரல்களுக்கு நடுவே கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாயம்மாள் சொன்னது பின்கட்டு வரைக்கும் கேட்டது.

"நின்னுருச்சு."

ஆனந்த்ராஜ் வந்த வேகத்தில் எவர்சில்வர் குடம் ஒன்று உருண்டது.

"என்னடி பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல."

"பண்ணாம எப்படி நிக்கும்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் நின்னுருச்சு" என்றாள் இளவேனில்.

"வேணும்னே… எம் பொண்ணுக்கு நல்லது நடக்குற நேரத்துல…" கையை ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுப்படி வாசலில் கண்ணம்மாள் நின்றுகொண்டிருந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் வெளிறிப்போன சத்யபிரியா.

"ஏனுங்க சம்பந்தி, எதுக்குங்க இத்தனை சத்தம்? இவங்க யாருங்க?"

சத்யபிரியா முந்திக்கொண்டாள். "கடியாரம் ரிப்பேர் பாக்க வந்தவங்க."

இளவேனில் மதினியைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அவனுக்கு நிறைய நேரம் இருந்தது. அவன் உருண்ட குடத்தைக் குனிந்து எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"ஆமாங்க" என்று எழுந்தாள் இளவேனில். "ரிப்பேர்தான். இன்னும் முடியல."

இந்தத் தடவை யாரும் வழி சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வந்திருந்தவர்களுக்கு நடுவே நேராக நடந்தாள். மாயம்மாள் நாற்காலியை நகர்த்தி மகளுக்கு இடம் விட்டாள். தாயும் மகளும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

பைக்குள் கை விட்டாள். துண்டு, பர்ஸ், அப்புறம் வீட்டுச் சாவி. தட்டையான சாவி. ஒரு கையால் கடிகாரத்தின் இடது காலை நோகாமல் தூக்கி, மறுகையால் சாவியை அடியில் தள்ளினாள். வட்டை ஒதுக்கி விட்டாள்.

டிக். டாக். டிக். டாக்.

இந்தத் தடவை ஹாலில் எல்லோருக்கும் வித்தியாசம் கேட்டது. வரப்பில் ஒழுங்காக நடக்கிற ஆளின் இரண்டு கால் மாதிரி அத்தனை சமம். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளைப் பையனிடம் மணி கேட்டு முள்ளைச் சரி செய்தாள். பத்து அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"சரியாயிருச்சுல்ல? கிளம்புங்க" என்றாள் சத்யபிரியா, பல்லுக்கிடையில்.

"எப்படிக் கிளம்புவேன்? கடியாரத்துக்கடியில இருக்குறது எங்க வீட்டுச் சாவி. அதை எடுத்தா இது நின்னுரும். எடுக்காட்டி நான் என் வீட்டுக்குள்ள போக முடியாது."

"வேற எதையாவது வச்சுக்கலாம். ஏங்க, எடுங்க!"

ஆனந்த்ராஜ் கையை நீட்டினான். முள்ளைப் பார்த்தான். மாயம்மாளைப் பார்த்தான். கை தானாகத் திரும்பி வந்துவிட்டது.

கண்ணம்மாள் இதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "கூலி எவ்வளவுங்க உங்களுக்கு?"

"காசு வேண்டாங்க. பொண்ணு தலையில ஒரு முழம் பூ வச்சுட்டுப் போறேன்."

"ரிப்பேர் பாக்குறவங்க எதுக்குங்க பூ வைக்கோணும்?"

ஆனந்தி தட்டை இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழாத மாயம்மாள் எழுந்தாள்.

"ஏன்னா அவ அத்தைக்காரி. இவனுக்குத் தங்கச்சி. எம் வயித்துல பொறந்தவ. பெங்களூரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. செம்பட்டி." ஆனந்தி கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். "எதுக்குடி கடியாரம் அடிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்? மணி பாக்கவா? எனக்கு மணி பாக்கவே தெரியாது."

கடிகாரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் மணியை அடித்தது.

"அப்ப எங்ககிட்டச் சொன்னதெல்லாம் என்னங்க சம்பந்தி?" கண்ணம்மாள் குரலில் இப்போது பணிவு இல்லை.

ஆனந்த்ராஜ் அவசரமாக நிச்சயத் தட்டைக் கையில் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூவை எடுத்துக்கொண்டு இளவேனில் தமிழ்மதி முன்னால் போய் நின்றாள். பெண் தலையைக் குனியவில்லை. அப்பத்தாவைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள். அப்புறம், வேறு வழி இல்லாதவளாகக் குனிந்தாள்.

இளவேனில் பூவை வைத்துச் செருகியபோது குனிந்த தலைக்கடியிலிருந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி வந்தது.

"சந்தோஷமா அத்தை?"

பூ வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

கடைசி மணியும் அடித்து ஓய்ந்தது. நிச்சயத் தட்டு இன்னும் கை மாறவில்லை. ஆனந்த்ராஜ் நீட்டிக்கொண்டு நின்றான்; மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து ஒரு கையும் அதைத் தொட வரவில்லை.

வாசலில் கேட் கிரீச்சிட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். மார்க்கெட்டு மல்லிகை வாசத்தோடு, சட்டையெல்லாம் ஈரமும் பூக்காம்புமாக ஒரு ஆள் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, உள்ளே இருந்த கூட்டத்தைக் கண்டு திகைத்துப் படியிலேயே நின்றான்.

"இளா… எத்தனை தடவை போன் அடிக்கிறது?" என்றான் பிரபு. "வீட்டுச் சாவி எங்க?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்க்கவில்லை. கடிகாரத்தின் இடது காலைத்தான் பார்த்தார்கள்.